முத்துக்குளித்துறையின் வினாவிடை நூல்களும் இணையவழி இறையியற் கல்வியும்

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நாடெங்கும் ஊரடங்கு அறிவிக்கப்பெற்றபோது நம் இறையியற் கல்லூரிகளின் வகுப்பறைகளும் மூடப்பட்டன. அதன்பின் விரிவுரைகள் ஜூம், கூகுள் மீட் போன்ற தளங்களுக்கு மாறின. பாடக்குறிப்புகள் வாட்ஸ்ஆப் வழியாக மாணவரைச் சென்றடைந்தன. தொற்று தணிந்து விடுதிகள் மீண்டும் திறக்கப்பட்ட பின்னரும் இணையவழிக் கல்வி நம்மை விட்டு அகலவில்லை. சேகரப் பணியை விட்டு வர இயலாத ஆயர், இல்லப் பொறுப்புகளால் கட்டுண்ட பெண்கள், நகரத்தில் தங்கிப் படிக்கப் பொருள்வசதியற்ற உபதேசிமார் ஆகியோருக்கு அது ஒரு வாசலைத் திறந்துள்ளது. அவ்வாசலை இனி அடைப்பது முறையன்று. ஆகவே இணையவழிக் கல்வி வேண்டுமா வேண்டாவா என்னும் வாதத்தில் நாம் இங்கு இறங்கவில்லை. அவ்வழியே கற்பிக்கப்படும் பாடம் எப்பொழுது மெய்யான போதனையாகிறது என்பதே நாம் ஆராய விரும்பும் வினா.

இவ்வினாவுக்கு விடை தேடுவோர் பெரும்பாலும் மேனாட்டுக் கல்வியியல் நூல்களையே நாடுகின்றனர். அதில் தவறில்லை. எனினும் தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலைச் சூழ்ந்த முத்துக்குளித்துறையிலே ஏறத்தாழ 450 ஆண்டுகளுக்கு முன்பே இவ்வினா எழுந்தது. ஆசிரியர் உடனிருக்க இயலாத இடத்தில் மாணவருக்கு எவ்வாறு கற்பிப்பது? அதற்கு விடையாகத் தோன்றிய நூல்களைத் தமிழ் அச்சுக்கலையின் முதற்கனிகள் என்று நாம் போற்றுகிறோம். ஆனால் அவற்றைப் போதனைக் கருவிகளாகக் கொண்டு, அவற்றின் நிறைகுறைகளை மதிப்பிடுவோர் அரியர். அம்மதிப்பீட்டின் வழியாக இன்றைய வகுப்பை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஆசிரியர் சிலர்; கடற்கரையோ நெடியது

முத்துக்குளித்துறையின் பரதவர் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். அதன்பின் அவர்களுக்குப் போதிப்பார் எவரும் நிலையாக அங்கு இருக்கவில்லை. 1542இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்குமேல் யாதும் அறியாதவர்களையே ஊர்தோறும் கண்டார். அவரோடு இருந்த உதவியாளர் மிகச் சிலர். ஊர்களோ நெடுந்தொலைவு பரவிக் கிடந்தன. மக்களின் தொழிலும் கடலைச் சார்ந்தது. மீன்பாட்டையும் முத்துக்குளிப்பையும் ஒட்டி அவர்கள் இடம்பெயர்ந்தனர். ஓரிடத்தில் கூட்டி ஆண்டு முழுவதும் கற்பிப்பதற்கு அங்கே வழியில்லை.

1520இல் போர்ச்சுகலில் பிறந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் 1547இல் இக்கடற்கரைக்கு வந்தார். தம் நூலின் முகப்பிலே அண்டிறிக்கிப் பாதிரியார் எனத் தமிழில் குறிக்கப்பெறுபவர் இவரே. புன்னைக்காயலைத் தம் பணியின் நடுவிடங்களில் ஒன்றாகக் கொண்டு அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்து, 1600இல் மறைந்தார். தமிழைத் தாமே கற்று, கற்கும்போதே அதற்கு ஓர் இலக்கணமும் வரைந்தார். போர்த்துக்கேய மொழியில் அமைந்த அவ்விலக்கணத்தின் கையெழுத்துப்படி ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 2013இல் வெளியாயிற்று.

இவருடைய உழைப்பால் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. பதினாறு பக்கங்களே உடைய அந்நூல், இந்திய மொழியொன்றில் அம்மொழியின் எழுத்தாலேயே இந்நாட்டில் அச்சேறி நமக்குக் கிடைத்துள்ள முதல் நூலாகும். 1579இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’, 1580இல் பாவசங்கீர்த்தனத்திற்கு ஆயத்தம் செய்விக்கும் ‘கொம்பெசியொனாயரு’, 1586இல் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ‘அடியார் வரலாறு’ ஆகியன தொடர்ந்து வெளிவந்தன. 1960களில் இராசமாணிக்கம் அடிகளார் இவற்றுட் சிலவற்றைத் தூத்துக்குடியிலிருந்து மீண்டும் பதிப்பித்ததால் இவை நம் கைகளுக்கு எட்டின. தாம் செல்ல இயலாத ஊர்களுக்கும் போதனை சென்றடைவதற்கு ஹென்றிக்கஸ் கண்ட வழி அச்சு. நம் காலத்தில் இணையம் ஆற்றுவதை அக்காலத்தில் அது ஆற்றியது எனலாம்.

2. ஒரு சொல்லின் பிழை

அந்நூல்களைத் திறக்குமுன், அவற்றுக்கு முந்திய ஒரு நிகழ்ச்சியை ஊன்றிக் கவனிக்க வேண்டும். சவேரியார் இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களின் துணையோடு செபங்களையும் விசுவாச அறிக்கையையும் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். பின்னர் மணியடித்துச் சிறுவரையும் பெரியோரையும் கூட்டி, தாம் சொல்லச் சொல்ல அவர்களைத் திருப்பிச் சொல்லுமாறு செய்தார். ஓர் ஊரை விட்டு நீங்கும்போது செபங்களின் படியொன்றை அங்கே வைத்துச் சென்றார். எழுதத் தெரிந்தவர்கள் அதைப் பெயர்த்தெழுதி மனப்பாடம் செய்ய வேண்டும், நாள்தோறும் ஓத வேண்டும் என்பது ஏற்பாடு. சிறுவர் தம் பெற்றோருக்குக் கற்பித்தனர்.

விரைந்து பரவும் முறை என்ற அளவில் இதைக் குறைகூற இயலாது. ஆனால் 1540களின் நடுப்பகுதியில் சவேரியார் தம் உடன்பணியாளர் பிரான்சிஸ்கோ மான்சில்லாசுக்கு எழுதிய மடலொன்று நம்மைச் சிந்திக்க வைக்கிறது. விசுவாச அறிக்கையில் ‘விசுவாசிக்கிறேன்’ என்னும் பொருளில் வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்னும் சொல் வழங்கிவந்தது. அதை மாற்றுமாறு அவர் அம்மடலில் அறிவுறுத்துகிறார். கிறிஸ்துவின் பாடுகளைக் கூறுமிடத்தில் ‘வல்லந்தமாக’ என்று பொருள்படும் ஒரு சொல் நுழைந்திருந்தது. ஆண்டவர் தம் விருப்பத்தோடே பாடுபட்டார் ஆதலின், அதையும் நீக்கும்படி பணிக்கிறார்.

இப்பிழைகள் சிறியன அல்ல. கடவுளை வேண்டுவது நன்றே. ஆயினும் அது விசுவாச அறிக்கை ஆகாது. பலவந்தத்தால் நேர்ந்த சாவு மீட்பின் பலியாகவும் ஆகாது. மொழிபெயர்ப்பில் பிறந்த பிழையைப் போதனை முறை ஊர்தோறும் கொண்டு சென்றது. மக்கள் ஒப்புவித்ததில் குறையொன்றும் இருந்திருக்காது. ஒப்புவிக்குமாறு அவர்களுக்குக் கொடுக்கப்பட்டதே பிழையாக இருந்தது. இதில் வியப்புக்குரிய உண்மை ஒன்றுண்டு. ‘வேணும்’ என்பதன் பொருள் புன்னைக்காயலின் சிறு பிள்ளைக்கும் தெரியும். அதை அறியாதிருந்தவர் கற்பித்தவரே. திருத்தம் மாணவரிடத்தில் இருந்தது. அது ஆசிரியரிடம் வந்து சேர்வதற்கான வழிதான் அப்போதனை முறைக்குள் அமைக்கப்படவில்லை.

நம் கட்டுரையின் மையக் கருத்து இதுவே. தொலைவிலிருந்து கற்பிப்போர் யாவரும் பாடம் போகும் வழியை முதலில் அமைக்கின்றனர். அது இன்றியமையாதது, ஆயினும் அது பாதி வேலையே. மாணவரின் பிழையும் ஐயமும், அவர் மட்டுமே அறிந்த உண்மையும் ஆசிரியரிடம் திரும்பி வரும் வழி அமையாவிடில் போதனை நிறைவுறாது. போகும் வழி எவ்வளவுக்கு விரைவானதோ அவ்வளவுக்குப் பிழையும் விரைந்து பரவும்.

3. விடை அச்சிடப்பட்ட நூல்

இவ்வளவுகோலைக் கொண்டு நூல்களை நோக்குவோம். 1554இல் லிஸ்பன் நகரில் ஒரு தமிழ் ஞானோபதேச நூல் அச்சிடப்பட்டது. மொழி தமிழ், எழுத்தோ உரோமானிய எழுத்து. போர்த்துக்கேயம் கற்றவர் அதைப் பார்த்துத் தமிழ் ஒலிகளை உச்சரிக்க இயலும்; அவ்வெழுத்தை அறியாத தமிழர் அதைப் படிக்க இயலாது. போதிப்பவரின் வசதிக்காக ஆக்கப்பட்ட கருவி என்றே அதனைக் கருத வேண்டும். ஹென்றிக்கஸின் நூல்களோ தமிழ் எழுத்தில் அமைந்தன. எழுத்து வார்க்கும் பெருமுயற்சி அதற்குத் தேவைப்பட்டது. கடற்கரை மக்களும் பொருளுதவி புரிந்தனர். மாணவரின் கைக்கும் கண்ணுக்கும் ஏற்ற வடிவை ஆசிரியர் தேடிச் சென்றது போதனையில் ஒரு பெரிய முன்னேற்றமே.

‘கிரிசித்தியானி வணக்கம்’ போர்ச்சுகலைச் சார்ந்த மார்க்கோஸ் ஜார்ஜின் ஞானோபதேச நூலைத் தழுவியது. ஆசான் வினவ மாணவன் விடையிறுக்கும் முறையில் அது செல்கிறது. அதன் நடை கடற்கரையின் பேச்சு வழக்கோடு நெருங்கியது. புலவர் இதனைக் கொச்சை என்று கூறலாம். ஆனால் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் கேட்டு மனத்திற்கொள்ளும் சூழலில் அந்நடையே தகுதியானது. ‘குருசு’, ‘இசுப்பிரித்து சாந்து’ போன்ற போர்த்துக்கேயச் சொற்கள் பெயர்க்கப்படாமலே நிற்பது ஒரு குறை. அவை மனப்பாடத்திற்குத் தடையாக இருந்திரா. பொருளுணர்வதற்கோ வேறொருவர் விளக்கம் தேவைப்பட்டிருக்கும்.

இதனினும் ஆழமான குறை வினாவிடை வடிவத்திலேயே உள்ளது. வினாவும் ஆசானுடையது, விடையும் ஆசானுடையது. அந்நூலில் வரும் மாணவன் ஒருபோதும் திகைப்பதில்லை. தவறான விடை சொல்வதில்லை. ‘எனக்கு விளங்கவில்லை’ என்று ஓரிடத்திலும் நிற்பதில்லை. இக்குறை ஹென்றிக்கஸுக்கு மட்டும் உரியதன்று. ஞானோபதேச நூல்கள் பலவற்றுக்கும் பொதுவானது. நம் சீர்திருத்தச் சபைகளின் வினாவிடை நூல்களும் இதற்கு விலக்கல்ல. உரையாடலின் தோற்றம் அவற்றில் உண்டு. ஆனால் உண்மையான உரையாடல் நிகழும்போது அடுத்து வரப்போகும் சொல்லை இருவருமே முன்னதாக அறியார்.

இன்றைய இணையவழி வகுப்புகள் பலவற்றில் இதே தோற்றத்தைக் காண்கிறோம். விரிவுரை முன்கூட்டியே பதிவு செய்யப்படுகிறது. அதன் முடிவில் நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் வினாக்கள் வருகின்றன. சரியான விடையைத் தொட்டவுடன் திரையில் பச்சைக் குறி தோன்றுகிறது. நேரலை வகுப்பிலோ ஒளிப்படக் கருவியை அணைத்து வைத்த நாற்பது பெயர்கள் கறுத்த கட்டங்களாக வரிசையில் நிற்கின்றன. ‘விளங்கிற்றா?’ என்று ஆசிரியர் கேட்கிறார். இருவர் ‘ஆம்’ என்று எழுதுகின்றனர். மற்றவர்களின் மௌனம் விளங்கிக்கொண்டதன் அடையாளமா, இணைப்பு அறுந்ததன் அடையாளமா, அன்றி ஊக்கம் இழந்ததன் அடையாளமா என்பது எவருக்கும் தெரியாது. பாடம் போய்விட்டது, எதுவும் திரும்பி வரவில்லை.

இங்கே மற்றொரு செய்தியையும் கருத வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்பொழுது நொடிப்பொழுதில் கட்டுரை எழுதித் தருகின்றன. நூலில் விடையுள்ள எவ்வினாவுக்கும் அவற்றால் விடையளிக்க இயலும். அத்தகைய வினாக்களையே கொடுத்து, வந்த விடைகளுக்கு மதிப்பெண் இடும் ஆசிரியர், மாணவரை அறிந்தவர் ஆகார்.

4. விடை அச்சிடப்படாத நூல்

‘கொம்பெசியொனாயரு’ இவ்வகையில் வேறுபட்ட நூல். குருவினிடத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யும் முறைபற்றி நாம் வேறு கருத்துடையோம். அதனை இங்கு விவாதிக்க வேண்டியதில்லை. போதனை முறை என்ற கோணத்தில் அந்நூலின் அமைப்பையே நாம் கருதுகிறோம். தன்னைத் தானே சோதித்துப் பார்க்க விரும்புவோர்க்கு அது வினாக்களை முன்வைக்கிறது; அவற்றுக்கான விடைகள் அந்நூலில் இல்லை. இருக்கவும் இயலாது. படிப்பவரின் இல்லத்திலும் கொடுக்கல் வாங்கலிலும் அண்டை அயலாரோடு கொண்ட உறவிலும் அவை இருக்கின்றன. நூல் வினாவைத் தொடங்கி வைக்கிறது. விடையைப் படிப்பவரே கொண்டுவர வேண்டும். அதைக் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்க வேண்டும்.

ஒரே ஆசிரியரின் உழைப்பால் அடுத்தடுத்த ஆண்டுகளில் வெளிவந்த இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தொலைவுக் கல்வியின் இருவகை வினாக்களும் நமக்குப் புலனாகும். முதல்வகை வினா மாணவரின் நினைவைச் சோதிக்கிறது. இரண்டாம் வகை வினா அவரையே பேச வைக்கிறது. முதல்வகை வேண்டாம் என்று நாம் கூறவில்லை. எபிரேய வினைச்சொற்களின் வடிவங்களையும் பொதுச் சங்கங்களின் ஆண்டுகளையும் நினைவில் வையாத மாணவர் இறையியலில் தொலைவு செல்ல மாட்டார். ஆனால் அதோடு நின்றுவிட்ட கல்வி போதகரை உருவாக்காது.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். எரேமியாவின் புதிய உடன்படிக்கைபற்றிய பகுதியை விளக்குக என்பது முதல்வகை வினா. அப்பகுதியை உங்கள் சேகரத்தில் படிக்கத் தெரியாத ஒருவருக்கு எடுத்துக் கூறி, அவர் கேட்ட கேள்விகளை எழுதுக. அவற்றுள் உங்களால் விடை கூற முடியாதது எது? இது இரண்டாம் வகை. இதற்குரிய விடை எந்த நூலகத்திலும் இல்லை. இயந்திரமொன்று விடையைப் புனைந்து தரக்கூடும். ஆனால் சிறு குழுவில் அம்மாணவரோடு நேராகப் பேசும் ஆசிரியர் இரண்டாவது கேள்வியிலேயே அதைக் கண்டுகொள்வார். அதைவிட முதன்மையானது, ‘முடியாதது எது’ என்று கேட்டதனால் பிழையும் ஐயமும் திரும்பி வருவதற்கு ஒரு வழி திறக்கிறது.

5. கணக்கப்பிள்ளையின் இடம்

நூல்கள் எவ்வளவு சிறந்தனவாயினும் அவை தனித்து நிற்கவில்லை என்பதை மறத்தலாகாது. சவேரியாரின் காலந்தொட்டே ஊர்தோறும் கணக்கப்பிள்ளை என்னும் பணியாளர் அமர்த்தப்பட்டனர். செபங்களைக் கற்பித்தல், ஆபத்து வேளையில் திருமுழுக்கு அளித்தல், ஊரின் நிலையைக் குருவுக்கு அறிவித்தல் ஆகியன அவர்தம் கடமைகள். போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பெற்றிருந்த வரிப்பணம் அவர்களுக்குரிய ஊதியத்திற்குத் திருப்பிவிடப்பட்டது. பாடத்தை எடுத்துச் சென்றவர் கணக்கப்பிள்ளை; மக்களின் நிலையைத் திருப்பிக் கொணர்ந்தவரும் அவரே. ஊரில் இருந்தவர், ஊர்மொழி பேசியவர் ஆதலின், யார் விளங்காமலே ஓதுகிறார் என்பதை அறியத்தக்க இடத்தில் அவர் இருந்தார்.

சீர்திருத்தச் சபைகளின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. லுத்தர் 1529இல் சிறிய ஞானோபதேசத்தை வெளியிட்டார். அதற்கு முன் 1528இல் சாக்சனி நாட்டுச் சபைகளைச் சந்தித்து விசாரிக்கும் பணியில் அவர் பங்குகொண்டிருந்தார். அங்கே மக்களும் போதகரிற் பலரும் எவ்வளவு அறியாமையில் இருந்தனர் என்பதை நேரில் கண்டதன் விளைவே அந்நூல். கேட்டறிதல் முந்தியது; எழுதுதல் பிந்தியது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1712 முதல் 1714 வரையிலான ஆண்டுகளில் தமிழ் அறிஞர்களிடமிருந்து மடல்கள் பெற்றார். அவர்தம் சமயம், வாழ்க்கை முறை, கிறிஸ்தவத்தைப்பற்றிய அவர்தம் எண்ணம் ஆகியவற்றைப்பற்றி வினாக்கள் விடுக்கப்பட்டன. வந்த விடைகள் செர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஆலே நகரில் அச்சாயின. போதிக்க வந்தவர், தாம் அறியாததைத் தொலைவிலுள்ளோரிடம் மடல் வழியாகக் கேட்டது நம் கவனத்துக்கு உரியது.

திருமறையின் சான்றும் இதுவே. அப்பொல்லோ சொல்வன்மை மிக்கவர், வேதாகமங்களில் வல்லவர், ஆயினும் யோவானின் திருமுழுக்கை மட்டுமே அறிந்திருந்தார். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் அவர் பேசியதை முதலில் கேட்டனர், பின்னர் அவரைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தைத் திட்டமாக விளக்கினர் (அப். 18). சபை நடுவில் அவர் வெட்கமுறவில்லை, பிழையோடும் விடப்படவில்லை. தனிப்போதனை என்பதற்கு இதனினும் நல்ல இலக்கணம் காண்பது அரிது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் ஏழாம் அதிகாரம், அவர்கள் எழுதி அனுப்பிய காரியங்களுக்கு விடையாகவே தொடங்குகிறது. தொலைவிலிருந்த அப்போஸ்தலரிடம் சபையின் வினா சென்று சேர்ந்திருந்தது.

6. இன்றைய வகுப்புக்குச் சில கருத்துகள்

தொலைவுக் கல்வியை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் மைக்கேல் மூர், மாணவருக்கும் ஆசிரியருக்கும் இடையிலுள்ள தொலைவை மைல் கணக்கில் அளக்கலாகாது என்றார். பாடத்தின் கட்டமைப்பு இறுகி உரையாடல் குறையக் குறைய அத்தொலைவு பெருகும் என்பது அவர் கொள்கை. ஒரே அறையில் இருந்துகொண்டே ஒருவருக்கொருவர் தொலைவில் இருக்கவும் கூடும் என்பது இதிலிருந்து பெறப்படும். ஆகவே நேர்முக வகுப்பு எல்லாம் நன்று, இணையவழி வகுப்பு எல்லாம் தீது என்று கொள்வதற்கு இடமில்லை. ஒப்புவித்தலையே போதனையாகக் கொண்ட வகுப்பறைகளை நாம் அறியாதவர்கள் அல்லர். பெஞ்சமின் புளூம் 1984இல் வெளியிட்ட ஆய்வு, தனிப்போதனை பெற்றவர் சாதாரண வகுப்பில் பயின்றோரைவிட மிக உயர்ந்து நின்றனர் என்று கூறியது. பிற்கால ஆய்வுகள் அத்துணைப் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. எனினும் அம்முறையில் அடிக்கடி சோதித்துப் பிழையைக் கண்டு திருத்துதல் ஓர் இன்றியமையாத பகுதியாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இறையியற் கல்விக்கு இதில் சொந்த அனுபவமும் உண்டு. 1963இல் குவாத்தமாலா நாட்டுப் பிரஸ்பிற்றேரியன் இறையியற் பள்ளி, மாணவரைத் தன்னிடம் வரவழைப்பதற்கு மாறாகத் தான் அவர்களிடம் சென்றது. அதன் தாக்கத்தால் விரிவாக்க இறையியற் கல்வி உலகெங்கும் பரவிற்று. நம் நாட்டில் 1971இல் பெங்களூரை நிலையமாகக் கொண்டு அதற்கென ஓர் இயக்கம் தோன்றியது. மாணவர் வீட்டில் தாமே பயின்று, வாரந்தோறும் ஒரு போதனையாளரோடு சிறு குழுவாகக் கூடி உரையாடுவது அதன் முறை. பயிற்சி நூல் பாடத்தைக் கொண்டு சென்றது. வாரக் கூட்டம் ஐயத்தைக் கொண்டு வந்தது. இணையம் வந்தவுடன் நூலுக்குரிய இடத்தில் காணொளியை வைத்தோம். கூட்டத்திற்குரிய இடத்தை வெறுமையாக விட்டோம். இது முன்னேற்றம் ஆகாது.

எனவே கல்லூரிகளின் சிந்தனைக்குச் சில கருத்துகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, விரிவுரை சுருங்க வேண்டும். ஒரு மணிநேரப் பதிவை மூன்று நான்கு சிறு பகுதிகளாக்கி, முன்னதாகவே அனுப்பிவிடலாம். நேரலை வேளை மாணவர் பேசுவதற்கே உரியது.

இரண்டாவது, குழு சிறியதாக இருக்க வேண்டும். எட்டு அல்லது பத்துப் பேருக்கு மேற்பட்டால் ஒருவரையொருவர் அறிந்து கேட்டல் அரிதாகும்.

மூன்றாவது, கட்டுரைகளுக்குக் குறித்த நாட்களுக்குள் எழுத்திலோ குரற்பதிவிலோ மறுமொழி செல்ல வேண்டும். மதிப்பெண் மறுமொழி ஆகாது. எங்கே வழுவினார், ஏன் வழுவினார், அடுத்து யாது படிக்க வேண்டும் என்னும் மூன்றும் அதில் இருத்தல் வேண்டும்.

நான்காவது, ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் விடை அச்சிடப்படாத வினா ஒன்றேனும் இருக்க வேண்டும். அவ்வினாவுக்கு வரும் விடைகளால் ஆசிரியரின் பாடக்குறிப்பும் ஆண்டுதோறும் திருத்தம் பெற வேண்டும்.

ஐந்தாவது, வசதியற்ற மாணவரை மறத்தலாகாது. 2017–18இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்திய ஊரகக் குடும்பங்களுள் கணினி உடையவை ஏறத்தாழ நூற்றுக்கு 4. இணைய வசதி உடையவை நூற்றுக்கு 15. கைப்பேசி வழி இணையம் அதன்பின் பெருகியுள்ளது எனினும், ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி இருக்குமாயின் அது முதலில் யார் கைக்குச் செல்லும் என்பதை நாம் அறிவோம். காணொளி எட்டாத இடத்திற்குக் குரற்பதிவும் அச்சுத்தாளும் சாதாரணத் தொலைபேசி அழைப்பும் எட்டும்.

ஆறாவது, மாணவர் வாழும் இடத்திற்கு அருகிலேயே ஒரு போதனையாளர் வேண்டும். அப்பகுதியின் ஆயரோ ஓய்வுபெற்ற குருவோ இறையியல் கற்ற சகோதரியோ அப்பணியை ஆற்றலாம். இது நம் காலத்துக் கணக்கப்பிள்ளைப் பணி. இதற்கு ஊதியமும் பயிற்சியும் தேவை. இணையவழிக் கல்வி செலவு குறைந்தது என்று எண்ணித் தொடங்குவோர் இச்செலவைக் கணக்கில் எழுதுவதில்லை. அரசியின் காலணிப் பணத்தைக் கணக்கப்பிள்ளைகளுக்கு ஒதுக்கியவர்கள், நூற்படிகளை விட்டுச் செல்வதால் மட்டும் போதனை நிலைபெறாது என்பதை அறிந்திருந்தனர். நம் கல்லூரி ஆட்சிக்குழுக்களும் திருமண்டலங்களும் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

முடிவுரை

முத்துக்குளித்துறையின் நூல்களை மதிப்பிடுகையில் நாம் கண்டவற்றைத் தொகுத்துக் கூறலாம். அவை மாணவரின் எழுத்தையும் பேச்சையும் தேடிச் சென்றன. இது அவற்றின் பெருமை. வினாவிடை வடிவம் மாணவரின் வாயை மூடிவைத்தது. இது அவற்றின் குறை. நூல் விட்ட குறையை நிறைவு செய்யும் பொறுப்பு ஊரிலிருந்த மனிதரைச் சார்ந்தது. ‘வேணும்’ என்னும் சொல் திருத்தம் பெற்றதும், கற்பித்தவர் தாம் கற்பித்ததை மீண்டும் ஆராய்ந்து பார்த்ததனாலேயே.

இதனால் நமக்கு நேரிடக்கூடியது யாது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. மூன்று ஆண்டுகள் திரையில் பயின்று, வினாக்கள் யாவற்றுக்கும் சரியான விடையைத் தொட்டு, பட்டம் பெற்றுக் குருத்துவம் அடையும் ஒருவர், தம் உள்ளத்தில் ‘விசுவாசிக்கிறேன்’ என்பதன் இடத்தில் வேறு எச்சொல்லை வைத்திருக்கிறார் என்பதை அவருடைய ஆசிரியர் அறியாமலே இருக்கக்கூடும். அப்பொழுது அச்சொல் ஒரு மாணவரோடு நின்றுவிடாது. பலிபீடத்திலிருந்தும் பிரசங்க பீடத்திலிருந்தும் ஒரு சேகரத்தின் மக்கள் அனைவருக்கும் செல்லும். ஆகவே இணையவழி கற்பிக்கும் ஆசிரியர், தம் பாடம் எத்தனை பேரைச் சென்றடைந்தது என்று எண்ணிப் பார்ப்பதோடு அமையாமல், இவ்வாரம் எத்தனை மாணவரின் பிழைகள் தம்மை வந்தடைந்தன என்பதையும் எண்ணிப் பார்ப்பாராக. அவ்வெண்ணிக்கை ஒன்றுமில்லையாயின், அவர் பேசியிருக்கிறார், இன்னும் கற்பிக்கவில்லை.